முழுதும் உள்ளே

ஆள் குட்டை, கோபம் நெட்டை. அதனால்தான் அந்த ரயில் கார்டுக்குக் கடுகு என்று பெயர் வந்தது. சிறுத்தாலும் காரம் குறையாதாம். சரக்கு ரயிலின் வாலில் மாட்டியிருக்கும் பிரேக் வேனில் பதினெட்டு வருடமாகத் தனியாகப் போய்வருகிற மனுஷனுக்குக் கோபத்தைக் காட்ட வழியில் ஆள் கிடைப்பதில்லை. ஆகையால் ஸ்டேஷன் வந்ததும் மொத்தமாக இறக்கிவைப்பார். டீ ஆறியிருந்தால் ஒரு சத்தம், சிக்னல் விழ நேரமானால் இரண்டு சத்தம். அப்படிப்பட்டவர் இந்த ஒரு மாதமாக வாயே திறக்கவில்லை. அவர் கத்தும்போது சிரித்தவர்களெல்லாம் இப்போது ஒதுங்கிப் போனார்கள். அவருக்கு இப்போது தன்மேலேயே கோபம். அதை எங்கே போய் இறக்குவது என்றுதான் தெரியவில்லை.

அந்தப் பாதை ஒன்றும் பெரிய பாதை இல்லை. மேலே சுண்ணாம்புக்கல் குவாரி, கீழே சிமென்ட் ஆலை, நடுவில் ஒரே ஒரு ஸ்டேஷன். மொத்தமே நாற்பத்தொரு கிலோமீட்டர். பயணிகள் வண்டி கிடையாது. ஒற்றைத் தண்டவாளம் என்பதால், கல் ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டியும் காலியாக ஏறும் வண்டியும் நடு ஸ்டேஷனில்தான் ஒன்றுக்கொன்று வழிவிட வேண்டும். கல் வண்டி முதலில் வந்து பக்கத்து லைனில் ஒதுங்கி நிற்கும். காலி வண்டி வந்து சேர்ந்த பிறகு இது கீழே போகும், அது மேலே போகும்.

ஒதுங்கி நிற்கிற அந்த லைனில் நாற்பத்திரண்டு வேகனும் ஒரு பிரேக் வேனும் பிடிக்கும். அளவெடுத்துத் தைத்த சட்டை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மேலிடத்தில் ஒரு மகாபுத்திசாலி, இனிமேல் நாற்பத்தைந்து வேகன் ஓடட்டும் என்று உத்தரவு போட்டான். வண்டியை நீட்டியவனுக்கு லைனை நீட்டத் தோன்றவில்லை. அன்றிலிருந்து தினமும் காலை பதினொரு மணிக்குக் கல் வண்டி வந்து நிற்கும்போது, அதன் வால் ஸ்டேஷனுக்கு வெளியே ரயில்வே கேட்டைத் தாண்டி, ஊரின் ஒரே தார்ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கும். ஒரு மணி நேரம் கிடக்கும். காலி வண்டி தாமதமானால் ஒன்றரை மணி நேரம்.

ஆனால் காகிதத்தில் அப்படி ஒரு வண்டி ஒரு நாளும் கிடந்ததில்லை. ஸ்டேஷன் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு: 'வண்டி முழுதும் உள்ளே வந்து சேர்ந்ததா?' இல்லை என்று எழுதினால் ஏன் இல்லை என்று கேள்வி வரும், கேள்வி ஏறி ஏறிப் போய் உத்தரவு போட்ட புத்திசாலியின் மேஜையில் உட்காரும். ஆகவே ஸ்டேஷன் மாஸ்டர் 'முழுதும் உள்ளே' என்று எழுதுவார். வாலில் இருப்பவர் கார்டு அல்லவா, உள்ளே வந்ததா இல்லையா என்று அவருக்குத்தானே தெரியும், அதனால் அதற்குக் கீழே கார்டு கையெழுத்துப் போட வேண்டும். ரோட்டில் நிற்கிற வேனிலிருந்து இறங்கி, ஸ்டேஷன்வரை நடந்து, உள்ளே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி ரோட்டுக்கு நடப்பார்கள். இருபது கார்டுகள், இரண்டு வருடம். யாருக்கும் வெட்கமாக இல்லை. பழகிப்போனால் பொய்யும் கடமை மாதிரிதான் தெரிகிறது.

அந்தக் கேட்டைக் காப்பது கடுகின் அக்கா.

அக்காவின் கணவர் தண்டவாள வேலைக்காரர். வேலையிலேயே அடிபட்டுப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பதிலாக அக்காவுக்குக் கேட் வேலையும், கேட்டை ஒட்டி ஓர் அறை வீடும் கிடைத்தன. தினமும் ஊர் முழுக்க நின்று திட்டும். "ஏம்மா, திறக்க மாட்டியா? உங்கப்பன் வீட்டு ரோடா?" என்பார்கள். "வேகனைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டுத் திறக்கட்டுமா?" என்று அவளும் விடமாட்டாள். தம்பிக்கு வாய் கொடுத்ததே அந்த அக்காதான். அவளிடம் ஒரு நோட்டு உண்டு. கேட்டை அடைத்த நேரம், திறந்த நேரம், இரண்டையும் அதில் எழுதவேண்டும். ஏன் என்று எழுத அதில் இடமில்லை.

ஒரு மாதத்துக்கு முன்னால் அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான்.

கல் வண்டி வந்து நின்று பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கடுகு வேனிலிருந்து இறங்கிக் கையெழுத்துப் போடப் போய்விட்டு, மறுபடி வேனுக்கு வந்து ஏறினார். ரோட்டின் அந்தப் பக்கம் சங்கு ஊதிக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்து நின்றது. இந்தப் பக்கம் மூன்றாவது தெருவில் புகை. மெத்தைக்காரரின் பட்டறை. பஞ்சு பிடித்தால் கேட்கவா வேண்டும்.

அக்கா கொடியை வீசியெறிந்துவிட்டு வேனை நோக்கி ஓடி வந்தாள். "தம்பி! வண்டிய நகத்தச் சொல்லுடா! ஃபயர் வண்டிடா!"

கடுகு வாக்கிடாக்கியில் ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டார். "சார், நாப்பது மீட்டர் முன்னால இழுத்தா போதும், ரோடு விட்டுரும். டிரைவருக்கு உத்தரவு குடுங்க!"

"இருப்பா, கன்ட்ரோல்ல கேக்கணும்."

கன்ட்ரோலரை அந்தப் பாதையில் யாரும் பார்த்ததில்லை. எங்கோ ஓர் ஊரில், எங்கோ ஒரு மாடியில் உட்கார்ந்து போனில் பேசுவார். எல்லோரும் அவரைக் குரல் என்றுதான் சொல்வார்கள். குரல் சொன்னது ஸ்டேஷன் மாஸ்டரின் வாக்கிடாக்கி வழியாகக் கடுகின் காதிலும் விழுந்தது.

"முன்னால இழுத்தா காலி வண்டி உள்ள வர முடியாது, வெளிய நிக்கும். இருபது நிமிஷம் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஃபயர் வண்டிய சுத்திக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

சுற்றிக்கொண்டு போவதென்றால் மேம்பாலம் வழியாகப் பதினான்கு கிலோமீட்டர். உத்தரவு இல்லாமல் சிவப்பு சிக்னலைத் தாண்டினால் டிரைவரின் வேலை அன்றைக்கே போகும். தீயணைப்புக்காரர்கள் இரண்டு நிமிடம் பார்த்தார்கள், கெட்ட வார்த்தையில் நாலு திட்டுத் திட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார்கள். மெத்தைக்காரர் பஞ்சு மூட்டைகளை வெறுங்கையால் இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார். உயிர் தப்பிவிட்டது. இரண்டு கைகளும் மணிக்கட்டுவரை வெந்துபோயின.

விசாரணை வந்தது. பதிவேட்டைப் பிரித்தார்கள்: 'பதினொன்று பத்துக்கு வண்டி முழுதும் உள்ளே.' கேட் நோட்டைப் பிரித்தார்கள்: அடைத்தது பதினொன்று இரண்டு, திறந்தது பன்னிரண்டு முப்பத்தைந்து. தீயணைப்புக்காரர்கள் பார்த்தது, வண்டி உள்ளே போய்க்கொண்டிருந்த ஒன்றிரண்டு நிமிடமாக இருக்கும் என்றார்கள். அவசரத்தில் யார் கடிகாரம் பார்த்தது? ஊர்க்காரர்கள் சொன்னதை, கோபத்தில் பேசுகிறார்கள் என்று தள்ளிவிட்டார்கள். ஆக, பதினொன்று பத்துக்கே வண்டி உள்ளே போயாயிற்று, அதன் பிறகும் ஒன்றேகால் மணி நேரத்துக்குமேல் கேட்டைத் திறக்காமல் இருந்தது யார்? கேட்டுக்காரி. நல்லவேளை, நெருப்பு வைத்ததும் அவள்தான் என்று எழுதவில்லை.

விசாரணைக்கு முன்தினம் குரல் கடுகின் வீட்டுக்கே போன் செய்தது. முதல்முறையாக மரியாதையாகப் பேசியது. "நீங்க போட்ட கையெழுத்து சார். மாத்திச் சொன்னா பொய்க் கையெழுத்துன்னு ஆயிடும். வேலை போகும். உங்களோட நிக்காது, இருபது பேருக்கும் போகும். உங்க அக்காவுக்கு எதாவது பாத்துப் பண்ணலாம்."

கூட வேலை செய்யும் டிரைவர் அண்ணனும் அதையேதான் சொன்னார். அவர் வயதில் மூத்தவர், வேறு நாளில் நியாயம் பேசுகிறவர். "டேய் கடுகு, இருபது குடும்பம்டா. யோசிச்சுப் பேசு."

கடுகு யோசித்தார். யோசித்ததுதான் தப்பு. கோபப்பட வேண்டிய இடத்தில் யோசித்தார். விசாரணை அறையில், அக்கா எதிர்நாற்காலியில் உட்கார்ந்திருக்க, "வண்டி முழுசா உள்ளதான் இருந்துச்சு சார்" என்றார். எழுதிய காகிதத்தை நீட்டினார்கள். பழகிய கை, சறுக்கிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டது.

அடுத்து மெத்தைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் சொன்னதை எழுதிக்கொண்ட குமாஸ்தா, தலையைத் தூக்காமலே காகிதத்தைத் தள்ளினார். "இங்க ஒரு கையெழுத்து."

மெத்தைக்காரர் கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தார். "ரேகை வச்சாலும் போதும்" என்ற குமாஸ்தா அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார். மெத்தைக்காரர் கோபப்படக்கூட இல்லை. "எந்த விரல்ல வைக்கட்டும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தை கடுகுக்குள் போய்த் தைத்தது, பிறகு வெளியே வரவே இல்லை.

அக்கா அன்று எழுந்து கடைசியாகச் சொன்னது தம்பியிடம் அல்ல, விசாரணை அதிகாரியிடம். "ஐயா, நான் பொய் சொல்றேனா, இவங்க பொய் சொல்றாங்களான்னு ஒரு நாள் காலைல பதினோரு மணிக்கு என் கேட்டுல வந்து நின்னு பாருங்க. காகிதத்த பாக்காதீங்க, ரோட்ட பாருங்க." அதிகாரி ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். வருகிற மாதம் ஏழாம் தேதி வியாழக்கிழமை வருகிறேன் என்று தேதியைக் குறித்துக்கொண்டார். அக்காவின் வேலையும் அந்த ஓர் அறை வீடும் அந்த வியாழக்கிழமையில் வந்து நின்றன.

அன்றிலிருந்து அக்கா தம்பியோடு பேசவில்லை. ஆனால் வண்டி போகும்போது கேட்டுக்காரர் பச்சைக் கொடி காட்ட வேண்டும், அது விதி. ஒரு மாதமும் தவறாமல் காட்டினாள். கண் மட்டும் சக்கரத்தைப் பார்க்கும். வேனில் நிற்கிறவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டாலும் கதவு திறக்கவில்லை. "என்னை நாலு அறை அறைஞ்சிருந்தாக்கூடப் பரவால்ல" என்று கடுகு மனைவியிடம் சொன்னார். "ஏன், அவங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றாள் அவள். அவளும் நாத்தனார் பக்கம்தான்.

வியாழக்கிழமை வந்தது. அன்றைய முறை கடுகுக்கே விழுந்தது. விழுந்தது என்ன, விழவைத்தார்கள். ஒருமுறை சொன்ன பொய்யை அடுத்தமுறையும் சொல்வான் என்ற நம்பிக்கைதான்.

காலை ஒன்பதரைக்குக் குவாரி யார்டில் வண்டி தயாராக நின்றது. சக்கரம் உருளும் முன் எல்லா வேகனிலும் பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று ஒருவர் பார்த்து, வேகன் எண்ணிக்கையோடு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். டிரைவரும் கார்டும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் வண்டி அசையக்கூடாது. கடுகு சீட்டை வாங்கிக்கொண்டு வண்டியோரமாக எண்ணிக்கொண்டே நடந்தார். நாற்பத்திரண்டில் வண்டி முடிந்து பிரேக் வேன் வந்துவிட்டது. பக்கத்துத் தண்டவாளத்தில் கல்லோடு மூன்று வேகன்கள் தனியாக நின்றன.

யார்டு மாஸ்டருக்கு அவசரம் என்று பெயர். டீயைக்கூட நின்றபடி குடிக்கிறவர். ஓடிவந்தார்.

"என்ன சார் இது? மூணு வேகன் தனியா நிக்குது?" என்று கடுகு கேட்டார்.

"மேல இருந்து சொல்லிட்டாங்கப்பா. இன்னைக்கு மட்டும் நாப்பத்திரண்டு. கேட்டுக்கு ஆபீசர் வர்றாருல்ல? வால் அழகா உள்ள போயிரும். அவரும் பாத்துட்டுப் போயிருவாரு. உனக்கும் நல்லதுதானே?"

இன்னைக்கு மட்டும்! கடுகின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. இரண்டு வருடமாக ஊரே மன்றாடியும் கழற்ற முடியாத மூன்று வேகன்களை, ஓர் அதிகாரியின் கண்ணில் மண்ணைத் தூவுவதற்குப் பத்தே நிமிடத்தில் கழற்றிவிட்டார்கள். அப்படியானால் முடியாமல் இல்லை. எந்த நாளும் முடிந்திருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமையும் முடிந்திருக்கும்.

"சீட்டுல நாப்பத்தஞ்சுன்னு இருக்கு" என்றார்.

"அது பிரிக்கிறதுக்கு முன்னால எழுதினது. ஒரு அடி அடிச்சு நாப்பத்திரண்டுன்னு போட்டுக்க. வா வா, நேரமாச்சு."

"அடிச்சுத் திருத்தின சீட்டுல கையெழுத்துப் போட மாட்டேன். வண்டியப் பிரிச்சா பிரேக் முழுசா மறுபடி பாத்துப் புதுச் சீட்டுக் குடுக்கணும். ரூல்ல இருக்கு."

"பிரேக் பாக்குற ஆள் அடுத்த யார்டுக்குப் போயிட்டான்யா! திரும்பி வந்து பாத்து முடிக்க ரெண்டு மணி நேரம் ஆகும். உனக்கு என்னைக்குய்யா ரூல் ஞாபகம் வந்துச்சு?"

"இன்னைக்கு மட்டும்" என்றார் கடுகு.

அவசரம் ஓடிப்போய் டிரைவர் அண்ணனிடம் முறையிட்டார். அண்ணன் எஞ்சின் ஜன்னல் வழியாகக் கடுகை ஒரு நிமிடம் பார்த்தார். இருபது குடும்பம் என்று சொன்ன வாய்தான். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தித்தாளை விரித்தார். "எனக்கும் ஒழுங்கான சீட்டு வேணும் சார். வரட்டும், படிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவசரம் போனில் குரலைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். குரல் பாதியிலேயே வெட்டியது. "ஆபீசர் பதினொரு மணிக்கு வண்டியப் பாக்கணும்னு நிக்கிறாரு. உங்க பஞ்சாயத்தெல்லாம் எனக்கு வேண்டாம். எப்படியோ அனுப்புங்க." போன் வைக்கப்பட்டுவிட்டது.

எப்படியோ என்றால் எப்படி? அவசரம் தலையைச் சொறிந்தார். மூன்று வேகனையும் பழைய இடத்தில் மாட்டிவிட்டால் பழைய சீட்டே செல்லும். வால்வரைக்கும் பிரேக் காற்று வருகிறதா என்று பார்த்தால் போதும், அது ஐந்து நிமிட வேலை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். மாட்டச் சொன்னார். காலையிலேயே நடு ஸ்டேஷனுக்கு 'நாற்பத்திரண்டு' என்று சொல்லிவைத்திருந்ததை மாற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் திட்டு விழும் என்று சொல்லாமல் விட்டார். வண்டி ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் புறப்பட்டது.

வேனில் உட்கார்ந்து போகும்போது கடுகுக்குப் பயமும் இருந்தது, இல்லாமல் எப்படி? பதினெட்டு வருட வேலை. பெண் கல்லூரியில் படிக்கிறாள். ஆனால் ஒரு மாதமாக இறக்க வழியில்லாமல் இருந்த கோபம் அப்போதுதான் தன் இடத்தைக் கண்டுபிடித்திருந்தது. அது அவருக்குத் தெம்பாகவே இருந்தது.

கேட்டில் அதிகாரி குடை பிடித்து நின்றார். பக்கத்தில் நடு ஸ்டேஷனின் மாஸ்டர். அவருக்கு முன்கூட்டி என்று பெயர். எதையும் முன்கூட்டியே முடித்துவைத்தால்தான் தூக்கம் வரும். நாளைய வருகைப் பதிவில் இன்றைக்கே கையெழுத்துப் போடுகிற ஜாதி. "பாருங்க சார், வால் எவ்வளவு அழகா உள்ள போகப்போகுது" என்று அதிகாரியிடம் அதையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால் அக்கா பச்சைக் கொடியோடு.

எஞ்சின் போயிற்று. வேகன்கள் ஒவ்வொன்றாகக் கேட்டைக் கடந்தன. மெல்ல மெல்ல வேகம் குறைந்து, கடைசியில் ஒரு குலுக்கலோடு வண்டி நின்றது. ரோட்டின் மேல் கல் நிரம்பிய ஒரு வேகன் நட்டநடுவில் நின்றது. அதற்குப் பின்னால் இன்னும் ஒன்று. அதற்கும் பின்னால் பிரேக் வேன்.

அக்கா முதல்தடவையாகச் சக்கரத்திலிருந்து கண்ணை எடுத்து வேனைப் பார்த்தாள்.

கடுகு இறங்கி வந்தார். அதிகாரி கேட்டார், "எத்தனை வேகன்?"

"நாப்பத்தஞ்சு சார். தினமும் நாப்பத்தஞ்சு. அன்னைக்கும் நாப்பத்தஞ்சு."

"இல்ல சார், இன்னைக்கு ஏதோ தவறுதலா..." என்று முன்கூட்டி ஆரம்பித்தார்.

"தவறுதலாத்தான் சார்! இன்னைக்கு உங்கள ஏமாத்த நாப்பத்திரண்டு அனுப்பச் சொன்னாங்க. தவறிப்போய் நிஜ வண்டி வந்துருச்சு." ஒரு மாதக் கோபம் மடை திறந்தது. "வாங்க சார், ஸ்டேஷனுக்கு. பதிவேட்டப் பாப்போம். இந்த வண்டி உள்ள வந்துச்சான்னு அது என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

"பதிவேடு... இன்னும் எழுதல சார். நான்தான் இங்க இருக்கேனே" என்றார் முன்கூட்டி. சொல்லும்போதே அவர் முகம் வெளுத்தது.

ஸ்டேஷன் அறைக்கு நடந்தார்கள். பதிவேடு மேஜைமேல் திறந்தே கிடந்தது. அன்றைய தேதி. 'பதினொன்று பத்து. முழுதும் உள்ளே.' மை காய்ந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று ஏழு. கையெழுத்துக்கான இடம் மட்டும் கார்டுக்காகக் காலியாக விடப்பட்டிருந்தது. அதிகாரியோடு கேட்டில் நிற்க வேண்டுமே, திரும்பிவந்து எழுத நேரம் இருக்குமோ இருக்காதோ என்று மனுஷன் வழக்கப்படி முன்கூட்டியே முடித்துவைத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு வருடமாக எழுதுகிற வரி, அதை எழுத வண்டி எதற்கு?

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். பிறகு பேனாவைக் கடுகிடம் நீட்டினார். "போடுவீங்களா?"

கடுகு பேனாவை வாங்கி, 'இரண்டு வேகனும் பிரேக் வேனும் ரோட்டில்' என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பக்கங்களைப் பின்னால் புரட்டினார். தன் கையெழுத்து வந்த இடத்திலெல்லாம் விரலை வைத்தார். அடுத்தவர்கள் கையெழுத்தின் மேல் விரல் படாமல் தாண்டினார். கடைசியில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வந்து நின்றார்.

"இதெல்லாம் என்னோடது சார். எல்லாம் பொய். இந்தா, இந்தக் கையெழுத்தப் போட்டுட்டு வேனுக்குத் திரும்பி நடந்தப்பதான் புகை தெரிஞ்சுது. எங்க அக்கா என் கால்ல விழாத குறையாக் கத்துனா. போன மாசம் உங்க முன்னால நான் சொன்னதும் பொய்தான்."

"வேலை போகும். தெரியும் இல்லையா?"

"போகட்டும் சார்! ஒருத்தர் ரெண்டு கையும் போய் உக்காந்திருக்காரு. எந்த விரல்ல ரேகை வைக்கட்டும்னு கேட்டாரே, உங்க முன்னாலதானே கேட்டாரு? எனக்குப் பத்து விரலும் இருக்கு சார். இத வச்சு நான் என்ன கிழிச்சேன்? 'முழுதும் உள்ளே'ன்னு எழுதுனத ஒத்துக்கிட்டேன், அவ்வளவுதான். நாப்பது மீட்டர் சார். வெறும் நாப்பது மீட்டர்!"

மேஜைமேல் இருந்த போன் அடித்தது. குரல்தான். கல் வண்டி முழுதும் உள்ளே வந்துவிட்டதா என்று கேட்டது. போனை எடுத்த முன்கூட்டி அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி போனை வாங்கி, "வரவில்லை" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு காகிதங்கள் தங்கள் வேகத்தில் நடந்தன. அக்காவின் மேல் இருந்த குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். வேலையும் வீடும் நிலைத்தன. முன்கூட்டியை வேறு பாதைக்கு மாற்றினார்கள். கடுகை வேனிலிருந்து இறக்கினார்கள். நீக்குவதா, வேறு வேலையில் போடுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. மற்றப் பத்தொன்பது பேரைப் பதிவேட்டைப் புரட்டியும் யாரும் கேட்கவில்லை, கேட்டால் மேலே போகும் அல்லவா. நாற்பத்தைந்து உத்தரவு போட்டவனின் பெயர் எந்தக் காகிதத்திலும் வரவில்லை. குரல் இன்றைக்கும் அதே மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஓர் உத்தரவு வந்தது, ஒரே வரி: இனி வண்டிக்கு நாற்பத்திரண்டு வேகன். ஏன் என்று அதிலும் எழுத இடமில்லை போலிருக்கிறது.

ஒரு காலை, வேலையில்லாத கடுகு ரோட்டோடு நடந்து கேட்டுக்கு வந்தார். அக்காவைப் பார்க்கத்தான் வந்தார், கூப்பிடத்தான் தைரியம் வரவில்லை. கேட் இறங்கிவிட்டது. சைக்கிள்காரர்கள், பள்ளிக்கூட வேன், இரண்டு லாரி, எல்லோரும் நின்றார்கள். கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்த்தால் மெத்தைக்காரர். கட்டு அவிழ்த்திருந்தார்கள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தோல் பளபளவென்று இறுகியிருந்தது. ஒரு துணிப்பை கையில் இல்லை, முழங்கையில் தொங்கியது. கடுகுக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"டேய், என்னடா அங்க நிக்கிற? வண்டி வருது, தள்ளி நில்லு!"

அக்காதான். ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். கையில் பச்சைக் கொடி, கண் நேராகத் தம்பி மேல். கடுகு இரண்டடி பின்னால் நகர்ந்தார். கண் கலங்கியதை யாரும் பார்க்காதபடி முகத்தைத் தண்டவாளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வண்டி வந்தது. பழக்கத்தில் எண்ணினார். நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, பிரேக் வேன். வேனில் ஒரு புதுக் கார்டு நின்றார். வால் கேட்டைத் தாண்டி நகர்ந்து, உள்ளே போய் நின்றது. அக்கா கேட்டைத் தூக்கினாள். சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு கிளம்பின, பள்ளிக்கூட வேன் கிளம்பியது, லாரிகள் கிளம்பின.

மெத்தைக்காரர் மட்டும் கிளம்பவில்லை. ஸ்டேஷன் சுவரில் தெரிந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நிற்பது யாரென்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது அவர் முகத்தில் தெரியவில்லை.

"நாலு நிமிஷம்" என்றார். "நாலே நிமிஷந்தான் ஆகுது, பாத்தீங்களா?"

முழங்கையில் தொங்கிய பையைச் சரிசெய்துகொண்டு ரோட்டைக் கடந்து போனார்.